பேசுகிற புத்தகம்

மூன்று புத்தகங்களையும் ஒவ்வொன்றாகக் கையில் தூக்கி எடை பார்த்துவிட்டு, தண்டபாணி நடுவில் இருந்ததை ஓரமாகத் தள்ளி வைத்தார். பிரெஞ்சுக்குப் பாடப்புத்தகம் தேர்ந்தெடுக்க வந்த மனுஷன் வெண்டைக்காய் வாங்குகிறவர் மாதிரி நுனியை ஒடித்துப் பார்க்காததுதான் பாக்கி என்று இந்துமதி நினைத்துக்கொண்டாள். வணிகவியல்காரர். தேர்வுக் கட்டுப்பாட்டு அதிகாரி என்று ஒரு நாற்காலி கிடைத்த நாளிலிருந்து கல்லூரியில் எந்தத் துறையின் பாடத்திட்டக் குழு கூடினாலும் வந்து உட்கார்ந்துவிடுகிறார். சமோசா வரும்வரை வாயைத் திறக்க மாட்டார், சமோசா வந்ததும் பாஸ் பர்சன்டேஜ் பற்றிப் பேசுவார். அவருக்கு எதிரில் லூர்துநாதன், புதுச்சேரியிலிருந்து வரவழைத்த வெளி நிபுணர். வெளியாள் ஒருவர் இல்லாமல் குழு கூடக் கூடாது என்று விதி இருக்கிறது. அந்த விதியைக் காப்பாற்றுவதற்காகவே கடவுள் லூர்துநாதனைப் படைத்து, ஓய்வு கொடுத்து, கோயம்புத்தூர் வெயிலிலும் கழற்றாத ஒரு கோட்டை மாட்டி பஸ் ஏற்றி அனுப்பியிருக்கிறார். ஒரு காலத்தில் நன்றாகப் பேசியவர்தான், அதை ஒப்புக்கொள்ள வேண்டும், ஆனால் இப்போது இரண்டு காதிலும் கருவி, அதிலும் ஒன்று அவ்வப்போது விசில் அடிக்கிறது. அப்புறம் அருள்ராஜ் என்கிற அந்தப் பதிப்பகத்துப் பிரதிநிதி, கழுத்தில் டை, கையில் மாதிரிப் பிரதிகள் நிறைந்த பை, போன மாதம்வரை தண்ணீர் சுத்திகரிப்பு இயந்திரம் விற்றவன் என்று முகத்திலேயே எழுதியிருந்தது. கடைசியாக, கதவுப் பக்கத்து நாற்காலியில் ரிஸ்வானா. துறையில் இந்துமதிக்கு அடுத்தவள், வேலைக்கு வந்து இன்னும் ஒரு வருஷம் முழுதாக ஆகவில்லை. இவ்வளவு பேர் கூடித்தான் ஜூன் மாதத்திலிருந்து கல்லூரியில் எந்தப் பிரெஞ்சுப் புத்தகம் என்று முடிவு செய்யப் போகிறார்கள். முடிவு என்ன, துறைத் தலைவி அவள்தான், அவள் சொல்வதுதான் நடக்கும், மற்றவர்கள் தலையாட்டி வைப்பதற்கும் கையெழுத்துப் போடுவதற்கும் வந்தவர்கள். அப்படித்தான் கால் நூற்றாண்டாக நடந்திருக்கிறது.

முதல் புத்தகம் பழையது, அவளே கல்லூரியில் படித்தது. எட்டாம் பாடத்தில் ஒரு குடும்பம் பாரிஸைச் சுற்றிப் பார்க்கும், அப்பா குடையை மறந்துவிட்டு வருவார், அம்மா வருத்தப்படுவாள். எத்தனை தலைமுறை மாணவர்கள் அந்தக் குடைக்காக வருத்தப்படாமல் மார்க் வாங்கிப் போயிருக்கிறார்கள். கேள்வி வரும் பத்திகள் எவை என்று விடுதிச் சமையல்காரருக்குக்கூடத் தெரியும். அது போதாதா. இந்த ஊரில் பிரெஞ்சு எடுக்கிற எவனுக்கும் பிரெஞ்சு வேண்டியதில்லை. தமிழ் எடுத்தால் மார்க் வராது என்பதுதான் அவர்களுக்குத் தெரிந்த ஒரே பிரெஞ்சு. சேர்க்கை நாளில் அம்மாக்கள் வந்து நிற்பார்கள், பையனுக்குத் தமிழ் வரலீங்க மேடம், பிரெஞ்சே குடுத்துருங்க என்பார்கள், வராததற்கு மருந்து கேட்டு வந்தது போல. அவளும் கொடுப்பாள். குடையைக் கொடுப்பாள், அவர்கள் அதை மனப்பாடம் செய்து தொண்ணூற்றெட்டு வாங்கி, தேர்வு முடிந்த மறுநாள் குடை, அப்பா, பாரிஸ் எல்லாவற்றையும் மறந்துவிட்டு சாப்ட்வேர் கம்பெனிக்குப் போவார்கள். இதில் யாருக்கு என்ன நஷ்டம். இரண்டாவது புத்தகம் டெல்லியில் எவரோ ஒருவர் எழுதியது, அட்டையில் தாஜ்மகாலும் ஈபிள் கோபுரமும் கல்யாண மேடையில் போல ஒட்டி நின்றன, முதல் அத்தியாயத்திலேயே அவள் ஏழு பிழை கண்டுபிடித்து ஓரத்தில் சிவப்பு மையால் குறித்திருந்தாள். பிழை கண்டுபிடிக்கிற அந்த நிமிஷங்கள் அவளுக்கு எப்போதும் சந்தோஷமானவை. மூன்றாவதைத்தான் கூட்டம் தொடங்கியதிலிருந்து அவள் தொடவில்லை. வழவழப்பான தாள், பக்கத்துக்குப் பக்கம் பல் தெரியச் சிரிக்கும் இளைஞர்கள், ஒவ்வொரு பாடத்துக்குக் கீழும் ஒரு கறுப்புக் கட்டம். போனில் அந்தக் கட்டத்தைக் காட்டினால் புத்தகம் பேசும் என்றான் அருள்ராஜ். அதைக் கேட்டு மாணவர்கள் பதில் எழுத வேண்டும், ஆசிரியர் வகுப்பிலேயே திருத்த வேண்டும், இன்டர்னல் மார்க் அதற்குத்தானாம். அந்தப் புத்தகம் வந்தால் அவள் தொலைந்தாள். அறையில் இருந்த யாருக்கும் அது தெரியாது, அப்படித்தான் இதுவரை நினைத்திருந்தாள்.

மேஜை நடுவில் அவன் வைத்திருந்த ஸ்பீக்கர் டிபன் டப்பா அளவுதான் இருந்தது. அதைப் பார்க்கக் கூடாது என்று தீர்மானித்து, ஜன்னலைப் பார்த்து, காம்பவுண்டுச் சுவரைப் பார்த்து, சுவரில் கல்லூரியின் பெயரில் உதிர்ந்துபோன எழுத்தைப் பார்த்து, மறுபடி அதையே பார்த்தாள். நேற்று மாதிரிப் பிரதி வந்தவுடன் அவள் செய்த முதல் காரியம் கடைசிப் பக்கங்களைப் புரட்டியதுதான், ஒலிப்பதிவில் பேசுவதை எழுத்தில் எங்கேயாவது கொடுத்திருப்பார்கள் என்று. எழுத்தில் மட்டும் இருந்துவிட்டால் அவளுக்கு என்ன பயம், எழுதிக் கொடுத்தால் சட்டப் புத்தகத்தைக்கூட மொழிபெயர்ப்பாள். இல்லை. அருள்ராஜிடம் போனில் கேட்டாள், பொதுவாகக் கேட்பது போலக் கேட்டாள். முன் பதிப்பில் இருந்ததாம், பசங்க பார்த்து எழுதுகிறார்கள் என்று எடுத்துவிட்டார்களாம். பசங்க. பசங்களைப் பற்றி இவர்களுக்கு என்ன தெரியும். அவளுக்குப் பிரெஞ்சு சொல்லிக் கொடுத்த சிஸ்டர் மங்களூர்க்காரர், தானும் ஒரு பிரெஞ்சுக்காரரைப் பார்த்ததில்லை, இரக்கமில்லாமல் இலக்கணம் நடத்துவார், வாக்கியத்தைக் கோழி மாதிரி உரித்துக் கரும்பலகையில் தொங்கவிடுவார். அப்புறம் எம்.ஏ. அஞ்சல் வழி. தபாலில் வந்த பாடங்கள் பேசவில்லை, கேட்கவும் இல்லை. தங்கப் பதக்கம் வந்தது, அதுவும் தபாலில்தான் வந்தது. பிரான்சில் இன்று எவனும் வாயால் சொல்லாத இறந்தகால வினைகளில் அவளால் பக்கம் பக்கமாக எழுத முடியும், அந்த ஊர் வக்கீல்களே தடுமாறுவார்கள். ஆனால் பேச்சு. பேச்சு என்ன பெரிய பேச்சு, அங்கே பிச்சை எடுக்கிறவன்கூடத்தான் பேசுகிறான். இந்த வாக்கியத்தை அவள் பல வருஷமாகத் தனக்கே சொல்லி வந்திருக்கிறாள், ஒவ்வொரு தடவையும் அதன் வாலைப் பிடித்துக்கொண்டு அடுத்த வாக்கியம் வந்துவிடும்: பிச்சை எடுக்கிறவன் கேட்டால் உனக்குப் புரியுமா. அந்த இடத்தில் வேறு ஏதாவது நினைக்கத் தொடங்குவாள், பால் கணக்கு, கேஸ் சிலிண்டர், தண்டபாணியின் சட்டைப் பையில் துருத்தும் மூன்று பேனாக்கள்.

பீளமேட்டு மில் ஞாபகம் வந்தது. வரும் என்று தெரியும், ஸ்பீக்கரைப் பார்த்ததிலிருந்தே அது எங்கேயோ வாசலில் நின்றுகொண்டிருந்தது. கல்யாணமான புதிது, வேலைக்கும் புதிது, நூற்பு இயந்திரம் பொருத்த ஒரு பிரெஞ்சு என்ஜினீயர் வந்திருக்கிறான், மேடம் வந்து கொஞ்சம் மொழிபெயர்க்க வேண்டும் என்று மில் முதலாளி காரே அனுப்பிவிட்டார். காரில் பின் சீட்டில் உட்கார்ந்து போகிறபோது எவ்வளவு கர்வம். அவன் எழுந்து நின்று கை நீட்டி ஏதோ சொன்னான். முதல் சொல் வணக்கம், அது புரிந்தது. அதற்குப் பிறகு அவன் வாயிலிருந்து வந்தது அவள் படித்த மொழியே இல்லை, சொல்லுக்கும் சொல்லுக்கும் நடுவே இடமே விடாமல், தாளில் அவளுக்குத் தெரிந்த அத்தனை எழுத்துகளையும் விழுங்கிவிட்டு ஓடியது. முதலாளி, மேனேஜர், ஃபிட்டர்கள் எல்லாரும் அவள் வாயையே பார்த்தார்கள். கை தானாகவே தொண்டைக்குப் போயிற்று. தொண்டையைத் தொட்டுக் காட்டி, தலையை அசைத்து, மேனேஜரிடம் ஒரு தாள் வாங்கி, எனக்குக் குரல் போய்விட்டது, தயவுசெய்து எழுதிக் கொடுங்கள் என்று அப்பழுக்கில்லாத பிரெஞ்சில் எழுதினாள். அவன் எழுதினான். அவள் எழுதினாள். சாயங்காலத்துக்குள் இயந்திரம் ஓடியது. மேடம் வாயைத் திறக்காமலே வேலையை முடிச்சுட்டாங்க என்று முதலாளி ஊரெல்லாம் சொன்னார், அந்தப் பெருமையில்தான் பிறகு பதவி உயர்வுகூட வந்தது. வீட்டில் இரண்டு நாள் பேசாமலே இருந்தாள், கழுத்தில் துண்டு சுற்றிக்கொண்டு, கணவர் போட்டுக் கொடுத்த மிளகுப் பாலைக் குடித்துக்கொண்டு. அந்த மிளகின் காரம் இப்போதும் தொண்டையில் எரிந்தது. அந்த என்ஜினீயர் கிளம்பும்போது தாளில் கடைசியாக என்ன எழுதினான், சீக்கிரம் குணமாகட்டும் என்று எழுதினான், நல்லவன், அல்லது தெரிந்துதான் எழுதினானா, தெரிந்திருந்தால் சிரித்திருப்பான், சிரித்தானா. இந்த இடத்தில் எப்போதும் மாட்டிக்கொள்வாள். அவன் முகம் மறந்துவிட்டது, சிரித்தானா என்பது மட்டும் மறக்கவில்லை.

ரிஸ்வானா பேனாவைத் திறந்து மூடிக்கொண்டிருந்தாள். உக்கடத்துப் பெண், பிரான்சில் ஏதோ ஒரு சின்ன ஊர்ப் பள்ளிக்கூடத்தில் ஒரு வருஷம் இங்கிலீஷ் சொல்லிக் கொடுத்துவிட்டு வந்தவள், மூன்றாவது புத்தகத்தை வரவழைத்ததே அவள்தான். எழுத்தில் அரைகுறை. அவள் தயாரித்த வினாத்தாளை இந்துமதி வேண்டுமென்றே மற்றவர்கள் எதிரில் திருத்திக் கொடுத்திருக்கிறாள், எழுத்துகளுக்கு மேல் போட வேண்டிய குறிகளைப் போடாமல் விட்டிருந்தாள், அங்கே ஒரு வருஷம் இருந்து என்ன கற்றுக்கொண்டாய் என்று கேட்டும் இருக்கிறாள். அந்தப் பெண் நன்றி மேடம் என்று வாங்கிப் போனாள். அசடு. ஆனால் ஒரு நாள் வராந்தாவில் போனில் பேசிக்கொண்டிருந்தாள், அங்கே அவள் தங்கியிருந்த வீட்டுக்காரம்மாவாம், கையை ஆட்டி ஆட்டி, நடுநடுவே வாய்விட்டுச் சிரித்து, உக்கடத்துச் சந்தையில் பேரம் பேசுகிற சரளத்தோடு. இந்துமதி கதவுக்குப் பின்னால் பையில் சாவி தேடுவது போல நின்றாள். தேடிக்கொண்டே நின்றாள். ஒரு முழு வாக்கியம், ஒரே ஒரு வாக்கியம் பிடிபட்டால் போய்விடலாம் என்று நின்றாள். சாவிதான் கிடைத்தது. அன்றிலிருந்துதான் இந்தப் பெண்ணைக் கண்டால் அவளுக்கு ஆகவில்லை. அதற்கு முன்னால் வெறும் இளக்காரம்தான்.

ஒரே ஒரு சாம்பிள் போட்டுக் காட்டுகிறேன் என்று அருள்ராஜ் கேட்டான். தேவையில்லை என்று சொல்ல அவள் வாயெடுப்பதற்குள் தண்டபாணி போடுங்க போடுங்க என்றார், சமோசாவோடு ரேடியோ கேட்கிற ஆசை. ஸ்பீக்கர் ஒரு தடவை கரகரத்தது. பொன்ஷூர் என்று வணக்கம் சொன்னது ஒரு பெண் குரல். அவள் அதைப் பிடித்துக்கொண்டாள். அடுத்தது வரும் என்று காத்திருந்தாள், அடுத்தது வந்து போயே விட்டது, அதற்கடுத்ததும் போய்விட்டது. இரண்டாவது குரல் ஒன்று வந்தது, இளையது, இல்லை என்கிற சொல் ஒன்று கேட்டது, கேட்டதா, அல்லது கேட்டது போல இருந்ததா, அதைத் தீர்மானிப்பதற்குள் இன்னும் எவ்வளவோ ஓடிவிட்டது. மின்விசிறி சத்தம் மட்டும் அட்சர சுத்தமாகக் கேட்டது. முழங்காலுக்குப் பின்னால் புடவை ஈரமாக ஒட்டியது. இடது காதுதான் கொஞ்சம் மந்தம், வலது காதைக் காட்டித் திரும்பினால் என்ன, திரும்பினால் கவனிப்பார்கள், கவனிக்கட்டும், கவனித்துக் கேட்கிறாள் என்று நினைப்பார்கள். திரும்பினாள். ஒன்றும் மாறவில்லை. முகங்களைப் பார்த்தாள். தண்டபாணி கச்சேரி கேட்பவர் போலத் தலையை ஆட்டிக்கொண்டிருந்தார், தாளம்கூடப் போட்டார். லூர்துநாதன் காதுக் கருவியைத் திருகியபடி கூரையைப் பார்த்துப் பரவசமாகப் புன்னகைத்தார், அவருக்கு மின்விசிறிகூடக் கேட்டிருக்காது. அருள்ராஜ் ஸ்பீக்கரையே பார்த்துக்கொண்டிருந்தான், தன் குழந்தை திருக்குறள் ஒப்பிக்கிறது போல. கேடுகெட்ட கூட்டம். ஒரு அறை நிறைய ஆட்கள் உட்கார்ந்து ஒரு பெட்டிக்குத் தலையாட்டுகிறார்கள். ரிஸ்வானா மட்டும் ஆட்டவில்லை. ஒரு இடத்தில் ரிஸ்வானா சிரித்தாள், சின்னதாக, தன்னையறியாமல். அங்கே சிரிப்பு இருக்கிறது போலிருக்கிறது என்று இந்துமதியும் புன்னகைத்தாள். ஒரு கணம் பிந்திவிட்டது. அந்தப் பிந்தலை ரிஸ்வானா பார்த்தாள். பார்த்துவிட்டு உடனே கண்ணை மேஜைக்குத் தாழ்த்திக்கொண்டாள், உடை விலகியிருப்பவரைப் பார்த்துவிட்டால் தாழ்த்துவது போல.

ஸ்பீக்கர் நின்றது. ரொம்பத் தெளிவு மதாம், அந்தக் காலத்துல கவர்னர் மாளிகைல இப்படித்தான் பேசுவாங்க என்றார் லூர்துநாதன். எல்லாரும் அவள் பக்கம் திரும்பினார்கள். இங்கேதான் அவள் ஒரு சொல் சொல்லியிருக்க வேண்டும். கஷ்டம். நம் பிள்ளைகளுக்கு இது கஷ்டம் என்றால் தீர்ந்தது, தண்டபாணி புத்தகத்தைத் தூக்கி வெளியே போட்டிருப்பார், பழைய குடை இன்னும் பத்து வருஷம் மறக்கப்பட்டுக்கொண்டே இருந்திருக்கும், அவளும் ஓய்வு பெற்றுப் போயிருப்பாள். எவ்வளவு சுலபம். ஆனால் பிரெஞ்சு விஷயத்தில் எதையும் கஷ்டம் என்று அவள் யாரிடமும் சொன்னதில்லை, அந்தச் சொல்லுக்கு அவள் வாயில் பழக்கமில்லை. கதவுப் பக்கம் ஒரு ஜோடிக் கண் வேறு தாழ்ந்தே இருந்தது. புத்தகத்தை அன்று முதல் தடவையாக இரண்டு விரலால் தொட்டு, மேஜையில் கொஞ்சம் தள்ளினாள். "ரொம்ப ஈஸி. சின்னப் பிள்ளைங்களுக்கு எழுதுனது மாதிரி இருக்கு. நம்ம லெவலுக்கு இது சரிப்படாது" என்றாள். தன் குரல் அவளுக்கே பிடித்திருந்தது. அருள்ராஜ் முகம் தொங்கிவிட்டது. வென்றுவிட்டதாக நினைத்தாள், கிட்டத்தட்ட இரண்டு மூச்சு நேரம் அப்படி நினைத்தாள்.

தண்டபாணி கையிலிருந்த சமோசாவைத் தட்டில் வைத்தார். "ஈஸிங்களா? அட, அதைத்தானுங்க மேடம் நாங்களும் தேடிட்டிருக்கோம்." பிறகு பொங்கிவிட்டார். போன வருஷம் பிரெஞ்சில் நாலு பேர் தேறவில்லையாம், தாளாளர் கூப்பிட்டுக் கேட்டாராம், தமிழை விட்டு இதை எடுப்பதே மார்க்குக்குத்தான், இதிலும் ஃபெயில் என்றால் அடுத்த வருஷம் ஒருத்தன் சேருவானா, மேடமே ஈஸி என்று சொல்லிவிட்ட பிறகு யோசிக்க என்ன இருக்கிறது. லூர்துநாதனிடம் குனிந்து காதுக்குள் கத்தினார், அவர் மகிழ்ச்சியாகத் தலையாட்டினார். இந்துமதி ஏதோ சொன்னாள், தரம் என்று சொன்னாள், பல்கலைக்கழகம் என்று சொன்னாள். தரமெல்லாம் மேடம் இருக்கும்போது நமக்கென்னங்க கவலை என்றார் அவர். இந்த முட்டாளிடம் போய் ஈஸி என்று சொன்னேனே என்று உள்ளே ஒரு குரல் அடித்துக்கொண்டது, முட்டாள் யார் என்று இன்னொரு குரல் கேட்டது. வேலை மளமளவென்று நடந்தது. மூன்றாவது புத்தகம் ஏகமனதாக. கேட்டல் வகுப்பு முதல் வருஷத்துக்கு, அதை மேடமே எடுத்தால்தான் பசங்களுக்குப் பயம் இருக்கும், முதல் வாரம் தாளாளரையும் அழைத்து வந்து பின் பெஞ்சில் உட்கார வைக்கலாம். அப்போதுதான் கதவுப் பக்கத்திலிருந்து குரல் வந்தது. "அந்தக் கிளாஸை நான் எடுத்துக்கறேங்க சார். மேடத்துக்கு ஆபீஸ் வேலையே நிறைய இருக்கும்." இந்துமதி நிமிர்ந்து அந்த முகத்தில் இளக்காரத்தைத் தேடினாள். இளக்காரம் அவளுக்கு நன்றாகத் தெரிந்த சரக்கு, எந்த மடிப்பில் ஒளித்து வைத்தாலும் கண்டுபிடிப்பாள். இல்லை. பஸ்ஸில் வயதானவருக்கு எழுந்து இடம் கொடுக்கிறவர்கள் முகத்தில் இருப்பது இருந்தது. இளக்காரம் என்றால் திருப்பி அடித்திருக்கலாம். இதை என்ன செய்வது. அவமானம் காது மடல்வரை ஏறிச் சுட்டது. "வேண்டாம். உனக்கு அந்த அனுபவம் பத்தாது. நானே எடுக்கிறேன்" என்றாள். தண்டபாணி அதையும் எழுதிக்கொண்டார்.

எல்லாரும் சாப்பிடப் போனார்கள். அருள்ராஜ் பையையும் ஸ்பீக்கரையும் தூக்கிக்கொண்டு, லூர்துநாதனைக் கைத்தாங்கலாக அழைத்துப் போனான். ரிஸ்வானா தட்டுகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி ஓரமாக வைத்துவிட்டுக் கிளம்பப் பார்த்தாள். போகட்டும் என்று இந்துமதி நினைத்தாள், போய்விட்டால் நல்லது, போனபிறகு மருத்துவ விடுப்பு, தொண்டை, முன்கூட்டியே ஓய்வு, டெல்லிக்காரன் புத்தகத்துக்கு ஆதரவாகப் பல்கலைக்கழகத்துக்கு ஒரு கடிதம், எத்தனையோ வழி இருக்கிறது, தொண்டையை மறுபடி ஒரு தடவை, எத்தனை நாளைக்குத் துண்டு சுற்றிக்கொண்டிருப்பது, வருஷம் முழுக்கவா. அந்த நினைப்பிலேயே களைப்பு வந்துவிட்டது. இத்தனை வருஷமும் எதையோ தூக்கிக்கொண்டே நின்றிருக்கிறோம் என்பது போலத் தோள் வலித்தது. வாசலுக்குப் போய்விட்டவளை நிற்கச் சொன்னாள். "அதுல என்ன பேசிக்கிறாங்க?"

எதில் என்று ரிஸ்வானா கேட்கவில்லை. திரும்பி வந்து, மேஜைக்கு அந்தப் பக்கமே நின்றுகொண்டு சொன்னாள். "ஒரு வயசானவங்க ஸ்டேஷனுக்கு வழி கேக்கறாங்க மேடம். இந்தப் பொண்ணு, எனக்கும் தெரியாதுங்க, நானும் ஊருக்குப் புதுசுதான்னு சொல்லுது. ரெண்டு பேரும் சிரிக்கறாங்க."

"அவ்வளவுதானா?"

"அவ்வளவுதாங்க மேடம். முதல் பாடந்தானே."

முதல் பாடம். ஸ்டேஷன், வழி, தெரியாது, புதுசு. ஒவ்வொரு சொல்லையும் அவள் எத்தனையோ ஆயிரம் விடைத்தாளில் திருத்தியிருக்கிறாள், பிரெஞ்சில் எந்தப் பெயர்ச்சொல் ஆண்பால், எது பெண்பால் என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்லுவாள். இப்போது அர்த்தம் தெரிந்துவிட்டது, இனிமேல் தப்பிக்க முடியாது, காதில் விழுந்துதான் ஆக வேண்டும். இன்னொரு தரம் போடு என்றாள். ரிஸ்வானா தன் போனை அந்தக் கறுப்புக் கட்டத்துக்கு நேரே காட்டி, போனை மேஜையில் வைத்தாள், இந்துமதியின் வலது பக்கமாக வைத்தாள். பொன்ஷூர் என்றது கிழக் குரல். இந்துமதி ஸ்டேஷனுக்காகக் காத்திருந்தாள், உடம்பு முழுக்கக் காதாக வைத்துக்கொண்டு காத்திருந்தாள். இரண்டு குரல்களும் பேசி, சிரித்து, முடிந்துபோயின. ஸ்டேஷன் எங்கேயும் வரவில்லை. மின்விசிறி சுற்றியது. ரிஸ்வானா போனைப் பார்த்துக்கொண்டிருந்தாளே தவிர அவளைப் பார்க்கவில்லை.

"எனக்குப் புரியல" என்றாள் இந்துமதி, அளவு தப்பிய ரவிக்கையைத் தையல்காரனிடம் திருப்பிக் கொடுக்கிற குரலில்.